கட்டிலுக்கு அடியில் ஒரு றெக்கை

தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, நட்ட நடுத்தெருவில், ஒரு சிவப்புக் காரின் முதுகுக்கு என் வீட்டுக்காரி ஜமீலா சூடு காட்டிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஜன்னல் வழியாக ஒயர் இழுத்திருந்தோம். மகன் யாசின் கையில் மீன் பிடிக்கிற நரம்பு. குருசுக்குப்பத்தில் தெரிந்த மீன்காரரிடம் வாங்கி வந்தது. அதன் ரெண்டு முனையையும் விரலில் சுற்றிக்கொண்டு, காரின் டிக்கிக்கும் அதன்மேல் நின்ற கறுப்பு றெக்கைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தான். றெக்கையை ஒட்டியிருந்த டேப்பு சூடு பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசம்.

"ஒரே எடத்துல காட்டாதம்மா. பெயிண்ட் போயிடும். தோசைக்கு எண்ணெ விடுற மாதிரி சுத்திச் சுத்திக் காட்டு."

"தோசை சுட்டாலாவது நாலு பேரு தின்னுருப்பாங்க. இதைச் சுட்டு என்னாடா பண்றது?"

எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது: "என்னா பாய், காலங்காத்தால கோழி உரிக்கிறீங்களா?"

நான் சிரித்து வைத்தேன். ஜமீலா சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தவளக்குப்பத்திலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் யாசினைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அந்தக் காரின் பின்பக்கம், ஒரு கௌரவமான குடும்பத்துக் காரின் பின்பக்கம் மாதிரி ஆகிவிட வேண்டும். அவள் உத்தரவு அது.

முதுகில் என்ன இருந்தது

போன வாரம் இந்தப் பத்தியில் என் குடை ரிப்பேர்க் கடையைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டுக் கடைக்கு வந்த ஒரு அம்மா, "உங்க பையனைப் பத்தி ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, அவரு என்னா பண்றாரு?" என்று கேட்டார்கள். அவனைப் பற்றி எழுதினால் இந்தக் காரைத் தாண்டி எழுத முடியாது. அதனால்தான் இந்த வாரம் கார்.

யாசின் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சத்தமாகப் பேச மாட்டான். ஐந்து வேளையும் தவற விடுவதில்லை என்று சொன்னால் பொய். விடிகாலை சுபுஹுக்கு எழுப்ப வேண்டும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காரின் பின்பக்கத்தைத் தவிர.

ரெண்டே கதவு வைத்த, தரையோடு தரையாகப் போகிற பந்தயக் கார் மாதிரி வண்டி. முன்னால் இருந்து பார்த்தால் ஏதோ ஒரு சிவப்புக் கார், அவ்வளவுதான். பின்னால் வந்தால்தான் திருவிழா. டிக்கி மேல் ரெண்டு கால் ஊன்றி நிற்கும் கறுப்பு றெக்கை. சதுர லைட்டின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி வட்டமாக வெட்டி விட்டிருப்பான். பிரேக் பிடித்தால் நாலு சிவப்பு நிலா எரியும். கீழே மீன் செதில் மாதிரி வரிவரியாக ஒரு பட்டை. அதற்கும் கீழே நாலு புகைக்குழாய் வாய். அதில் மூன்று பொய். புகையே வராது, சும்மா அழகுக்கு.

"அத்தா, ஒண்ணுகூட ஓட்டை போட்டு மாட்டல. எல்லாம் டேப்பு, தாளு, கவ்வி. நெனச்ச நேரத்துல கழட்டிடலாம்" என்பான், ஏதோ பெரிய ஆறுதல் சொல்கிற மாதிரி.

ஆனால் வரன் பார்க்க வருகிறவர்கள் டேப்பையா பார்ப்பார்கள்? "றெக்கை வெச்ச வண்டியா? அப்ப பையனும் பறக்கிறவனாத்தான் இருப்பான்" என்று ஒரு இடம் போனது. இன்னொரு இடத்தில், "எங்க பொண்ணு பயந்த சுபாவம்" என்றார்கள். கடைசியாக விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெருமுனை வரைக்கும் வந்தார்கள். எங்கள் வாசலில் அந்த றெக்கையைப் பார்த்தார்கள். முனையிலிருந்தே போன் போட்டு, "வயிறு சரியில்லை பாய், இன்னொரு நாளைக்கு" என்றார்கள். நான் வாசலில் நின்றபடி அவர்கள் ஆட்டோ திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லைங்க, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றேன். ஜமீலா பொரித்து வைத்திருந்த சமோசாவைத் தெருப் பிள்ளைகள் தின்றார்கள்.

அன்றைக்கு அவள் தொழுகைப் பாயிலிருந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

இன்னொருத்தர் வண்டி

"வித்துத் தொலைடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொல்ல முடியாது. வண்டி அவனுடையது இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஜெரோம். சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த மாதிரி வீட்டுக்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். இந்த ரெண்டு பையன்களும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார்ப் படமாக வரைவார்கள். எல்லாப் படமும் பின்பக்கம்தான். "ஏன்டா மூஞ்சிய வரைய மாட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "நம்ம வண்டி எல்லாரையும் முந்திப் போகும் அத்தா. அவங்களுக்குப் பின்பக்கம்தானே தெரியும்" என்றான் ஜெரோம். அவனும் என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவான்.

தகப்பனார் காலமானதும் ஜெரோம் பிரான்சுக்கு வேலைக்குப் போனான். ஒரு முறை லீவில் வந்தபோது இந்தக் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கினான். ஆசை தீர ஓட்டக்கூட நாள் இல்லை, கிளம்ப வேண்டியதாகிவிட்டது. சாவியை யாசின் கையில் வைத்து, "அம்மாவ ஞாயித்துக்கிழமை பூசைக்கு இதுலயே கூட்டிப் போடா. பின்னாடி நம்ம வரைஞ்ச மாதிரி பண்ணிடு. போட்டோ அனுப்பு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசைக்கு ஜெரோமின் அம்மா செலின் மதாமைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது யாசின் வேலை. றெக்கை கழட்டிய அன்றைக்கும் போய் வந்த பிறகுதான் ஒயரை இழுத்தோம். ஒல்லியான அம்மா, முழங்கால் வலி. அவ்வளவு தாழ்வான காரில் ஏறுவதற்குள், "ஏசுவே, மரியே, இது காரா, கெணறா?" என்பார்கள். இறங்கும்போது, "மெர்சி யாசின்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பெருமைதான், வேறென்ன.

பட்டறையில் கூட இருப்பவர்கள் சொன்னார்கள்: "ரெண்டு ஓட்டை போட்டு போல்ட் முறுக்கினா வேலை முடிஞ்சுது, எதுக்கு டேப்போட மாரடிக்கிற?" யாசின் கேட்கவில்லை. "நாளைக்கு அவன் மனசு மாறினா? வித்துடலாம்னு நெனச்சா? ஓட்டைய எப்பிடி அடைக்கிறது?" என்பான். றெக்கையின் ரெண்டு காலும் டிக்கி மூடியின் ஓரத்தை இடுக்கி மாதிரி கவ்வும். அந்தக் கவ்விக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி மெத்தை வைத்திருந்தான், கீறல் விழாமல் இருக்க. மிச்சத்தை ரெண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பு பார்த்துக்கொள்ளும்.

நனைந்து வந்த அத்தா

இங்கே என் தகப்பனாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கடை அப்போது அவர் கையில் இருந்தது.

ஒருத்தர் கம்பி உடைந்த குடை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. குடை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மழை நாளில் அத்தா அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனார். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்தார். எங்கள் வாசலில் வந்து நின்றபோது தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. குடை மட்டும் மடித்தபடி, பிளாஸ்டிக் உறைக்குள், அக்குளில்.

"கையில குடைய வெச்சிக்கிட்டு நனைஞ்சு வர்ற மனுசன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதான்" என்றார்கள் என் அம்மா.

"அது என் குடையா?" என்றார் அத்தா. அவ்வளவுதான் பேச்சு. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. இப்படியும் ஒரு அசட்டு மனுஷரா என்றுதான் நினைத்தேன். யாசின் அவரைப் பார்த்ததே இல்லை. இந்தக் கதையை அவனுக்கு நான் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

அஸருக்குப் பிறகு

மதியத்துக்குள் எல்லாம் கழன்றுவிட்டது. ஒட்டியிருந்த பிசினைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தான். லைட்டு மேல் இருந்த தாளைச் சுருள் சுருளாக உரித்தான். கடைசியில் பார்த்தால், ஏழாம் நாள் முடியெடுத்த குழந்தையின் மண்டை மாதிரி, வழவழவென்று, பாவமாக இருந்தது அந்த முதுகு. றெக்கையைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.

அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "ரப்பே, என் பிள்ளை நல்லவன். அது வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும்" என்று மட்டும் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

பெண்ணின் தகப்பனார் தாவூத் பாய், தவளக்குப்பம் ஜங்ஷனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். கூட அவருடைய அக்கா. அவர்களாகத்தான் ஆள் விட்டுக் கேட்டிருந்தார்கள். எதனால் எங்கள் வீடு என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடந்ததில் பாதி அதனால் வந்தது.

ஆட்டோவை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் வராமல் நேராகக் காரின் பின்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். ஜமீலா திரைக்குப் பின்னாலிருந்து என் காதில், "பாத்தீங்களா? நல்ல வேளை கழட்டினோம்" என்றாள்.

ஸலாம் சொல்லி உட்கார்ந்தோம். டீயும் மிக்சரும் வந்தது. எங்கள் ஆட்களில் முதல் தடவை வரன் பார்க்க வருகிறவர்களுக்கு அவ்வளவுதான். பேச்சு முடிந்து மனசு ஒத்துப்போகிற வரைக்கும் அந்த வீட்டுச் சோற்றைத் தொட மாட்டார்கள். அவரோ டீயையே தொடவில்லை. கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

"பாய், இந்த வண்டி..." என்று இழுத்தார். "பின்னாடி றெக்கை மாதிரி ஒண்ணு இருக்குமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஜமீலா குரல்: "றெக்கையா? அந்த மாதிரி வண்டியெல்லாம் எங்க வீட்ல கெடையாதுங்க. இது எப்பவும் இப்பிடியேதான். எங்க புள்ள அமைதியான புள்ள."

தாவூத் பாய் முகம் தொங்கிப் போனது. அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாம வீடு மாறி வந்துட்டோம் போலருக்கு."

எழுந்தே விட்டார். விழுப்புரத்து ஆட்டோ திரும்பிப் போனது கண்முன் வந்தது. வீட்டுக்காரி பொய் சொல்லிவிட்டாள் என்று வந்தவர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

யாசின்தான் பேசினான்.

"மாமா, ஒரு நிமிஷம். அம்மா பயத்துல சொல்லிட்டாங்க. றெக்கை இருக்கு. உள்ள, கட்டிலுக்கு அடியில."

போனான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, போர்வையை விலக்கிக் காட்டினான்.

அந்த மனுஷருக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், கோபம் வந்தது. "பொண்ணு குடுக்கலாமான்னு பாக்க வந்த எடத்துல மொத வார்த்தையே பொய்யா? எதுக்கு ஒளிச்சீங்க?"

"இதைப் பாத்துட்டு மூணு எடம் போயிடுச்சு மாமா."

திரைக்குப் பின்னால் ஜமீலா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

தாவூத் பாய் போர்வையை இன்னும் கொஞ்சம் விலக்கி றெக்கையைப் பார்த்தார். பிறகு சட்டென்று கேட்டார்: "மழையில ஒரு நாளு தவளக்குப்பம் ஜங்ஷன்ல வண்டிய நிறுத்தினியா?"

யாசின் யோசித்தான். "ஆமா மாமா. ஜெரோம் அம்மாவ பாகூருக்கு அவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழியில அவங்களுக்குக் குமட்டிடுச்சு."

"எறங்கினப்ப என்னா ஆச்சு?"

"ஒரு செருப்பு தண்ணில போயிடுச்சு."

"நீ என்னா பண்ணே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தேடி எடுத்தேன்."

செருப்பு

மிச்சத்தைத் தாவூத் பாய்தான் சொன்னார். நாங்கள் யாரும் கேள்விப்படாத விஷயம்.

கடலூர் ரோட்டில் முட்டிக்கொண்டு நின்ற வண்டிகளில், இந்தக் காருக்கு நேர் பின்னால் அவருடைய ஸ்கூட்டர். பின்சீட்டில் மகள் நஸ்ரின். கொட்டுகிற மழை. நம்பர் பலகையைச் சேறு மூடியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் வழிகிற றெக்கையும் நாலு சிவப்பு வட்டமும்தான். "எவனோ பணக்கார ரவுடின்னு திட்டிக்கிட்டிருந்தேன் பாய். நானும்தான் ஹாரன் அடிச்சேன்."

அப்போது ஒருத்தன் இறங்கி மறுபக்கம் ஓடினான். வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, தன் கையை அவர்கள் நெற்றிக்கு முட்டுக் கொடுத்துக் குனிய வைத்தான். செருப்பு ஓடியது. முழங்கை வரைக்கும் சாக்கடைத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவி எடுத்தான். றெக்கையிலிருந்து வழிகிற தண்ணீரில் அதைப் பிடித்துக் கழுவினான். அப்புறம் ரோட்டில் மண்டி போட்டு அந்த அம்மா காலில் மாட்டி விட்டான். பின்னால் அத்தனை வண்டியும் கத்துகிறது.

"எம் பொண்ணு என் தோள்ல தட்டி, 'ஹாரன் அடிக்காதீங்க அத்தா'ன்னா. அதுவரைக்கும் எந்த வரன் சொன்னாலும் மொகத்தத் திருப்பிக்குவா. அன்னிக்கு வீட்டுக்குப் போயி, 'அந்த மாதிரி ஆளுன்னா சரி அத்தா'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மூஞ்சிய ஒழுங்காப் பாக்கல பாய், முதுகத்தான் பாத்தோம். றெக்கை வெச்ச செவப்பு வண்டின்னு விசாரிச்சு விசாரிச்சு உங்க வீட்டுக்கு வந்தா, மொட்டையா நிக்குது வண்டி! அதோட, குடைக் கடைக்காரரு மகன்னாங்க. அன்னிக்கு அவன் குடை இல்லாம நனைஞ்சான். அதுவும் ஒரு சந்தேகம்."

"குடைய அவங்களுக்குப் பிடிச்சா செருப்ப எப்பிடித் தேடறது மாமா?" என்றான் யாசின்.

அவருடைய அக்கா அதுவரைக்கும் வாய் திறக்காதவர், இப்போது கேட்டார்: "ஜெரோம் அம்மா, ஜெரோம் அம்மாங்கிறியே. அப்ப கார் யாருது?"

"ஜெரோமோடதுங்க மாமி. என்கிட்ட ஒரு பழைய பைக்குதான் இருக்கு."

"கார் வெச்சிருக்கிற மாப்ளைன்னுல்ல நெனச்சு வந்தோம்!"

"அக்கா, காருக்கா பொண்ணு குடுக்கறோம்?" என்றார் தாவூத் பாய். வெளியே போனார், நாங்களும் போனோம். றெக்கை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் தடவினார். ஓட்டை இல்லை, கீறல் இல்லை.

"போல்ட்டு போடலியா?"

"என் வண்டி இல்லியே மாமா. அவன் எப்ப கேட்டாலும் குடுத்தபடியே குடுக்கணும்."

"அமானிதம்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. ஒருத்தர் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு எங்கள் மார்க்கத்தில் அதுதான் பேர். தாடியில் தண்ணீர் சொட்ட வாசலில் நின்ற என் அத்தா, அக்குளில் மடித்த குடையோடு, அந்தக் காருக்குப் பக்கத்திலேயே வந்து நின்ற மாதிரி இருந்தது.

ரெண்டு கால்

"மாட்டு, பாப்போம்" என்றார் தாவூத் பாய்.

யாசின் புது டேப்பு எடுத்து வந்தான். டிக்கியைத் துடைத்தான். ஜன்னல் வழியாக ஒயர் மறுபடியும் வந்தது. கூப்பிடாமலே ஜமீலா துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடி காய வைக்கிற மெஷினோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றாள். அவர், "அந்தப் பக்கம் சூடு பத்தலம்மா" என்றார். அதுதான் அவர் பதில்.

றெக்கையை வைத்தான். ஒரு காலை அவர் அழுத்திப் பிடித்தார், இன்னொரு காலை நான். யாசின் கீழே குனிந்து கவ்வியை முடுக்கினான். அக்கா இதைப் போட்டோ எடுத்து நஸ்ரினுக்கு அனுப்பினார். கொஞ்சநேரத்தில் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தார்: "இதேதான். நாலு வட்டத்தக் காணோமே?"

யாசின் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"விடலாமாப்பா?" என்றார் தாவூத் பாய்.

"இன்னும் கொஞ்சம் மாமா. டேப்பு பிடிக்கிற வரைக்கும் அழுத்தணும். அப்புறம் லேசுல வராது."

அவர் கையை எடுக்காமல், தலையை மட்டும் ஜமீலா பக்கம் திருப்பினார்.

"வீட்ல என்னாம்மா கொழம்பு?"

ஜமீலாவுக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. "மத்தியானம் வெச்ச மீன் கொழம்புதாண்ணே... ஒண்ணும் விசேஷமா பண்ணலியே..." என்றவள், மெஷினை என் தோளில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"பசிக்குது. சாப்பிட்டுட்டே போறோம்" என்றார் அவர்.

அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாய் முணுமுணுத்தது. சூடாகிற மீன் குழம்பின் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. ஆளுக்கொரு காலைப் பிடித்தபடி நாங்கள் ரெண்டு பேரும் தெருவில் நின்றோம். யாசின் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "போதும் மாமா, பிடிச்சுக்கிச்சு" என்றான்.

அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.